பாட்டியின் கல்

தல்லாகுளத்தில் எங்கள் பாட்டியின் பூஜை மாடத்தில் ஒரு சாளக்கிராமம் இருந்தது. எலுமிச்சம்பழ அளவுக் கறுப்புக் கல். பக்கத்தில் ஒரு துவாரம், உள்ளே சக்கரம். அதற்குத் திருமஞ்சனம் ஆகாமல் பாட்டி பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். அவள் காலமான பிறகு பாத்திரம் பண்டங்களுக்கெல்லாம் போட்டி வந்தது. கல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை. தினசரி ஆராதனை நின்றால் தோஷம் என்ற பயம். கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் ஆசாரக்காரன் அல்ல. சரித்திரப் பித்து மட்டும் கொஞ்சம் உண்டு.

ஆகவே கல்லின் பூர்வீகத்தைத் தேடினேன். நேபாளத்தில் காளி கண்டகி என்று ஓர் ஆறு. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், அந்த ஆற்றுப் பக்கத்து முக்திநாத்தான் என்று பலர் சொல்வார்கள். ஒரு புறம் 8,167 மீட்டர் தவளகிரி. மறுபுறம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. இரண்டுக்கும் நடுவே ஆறு அறுத்துக்கொண்டு போகிறது. மலைகளுக்கு வடக்கே மழை எட்டாத முஸ்தாங் பொட்டல். 1992 வரையில் மேல் முஸ்தாங்கில் அந்நியரை விடவில்லை. அங்குள்ள கரும் பாறைகளிலிருந்து உதிர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வழவழப்பானவைதாம் நம் சாளக்கிராமங்கள்.

உள்ளே இருக்கும் சக்கரம், வஜ்ரகீடம் என்ற புழு குடைந்தது என்பது பெரியவர்கள் வாக்கு. பூகர்ப்ப சாஸ்திரிகளோ அதை அம்மனைட் என்ற கடற்பிராணியின் ஓடு என்கிறார்கள். கணவாய்க்குத் தூரத்து உறவாம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. இந்திய நிலம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியதில் கடலடி மலையாக எழுந்தது. புழுவோ, கணவாய்க்கு உறவோ, ஒரு ஜீவன் சம்பந்தப்பட்டது என்பதில் இரு கட்சிக்கும் தகராறு இல்லை.

இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், பாக்லுங் பக்கத்திலிருந்து, காற்றடைத்த ரப்பர்த் தெப்பங்களில் துடுப்புப் போட்டுக்கொண்டு மூன்று நாள் உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். பாறைகளுக்கிடையே நுரை கக்கும் நீரில் தெப்பம் கவிழ்வதும் உண்டாம். மிர்மியில் 2002-இல் முடிந்த மின்சார அணை குறுக்கே நிற்கிறது.

அம்மனைட்டுக்கு நேபாளம்தான் போகவேண்டும் என்பதில்லை. அரியலூர்ப் பக்கம் காரையில், மழைநீர் அரித்த வறண்ட ஓடைகளிலும் கிடைக்கிறது. அங்கேயும் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல். பாவம், அவற்றுக்குத் திருமஞ்சனம் செய்பவர் இல்லை!

இதையெல்லாம் கேட்ட சித்தப்பா, "ஏண்டா, கடல் பூச்சி என்று தெரிந்த பிறகுமா ஜலம் விடுகிறாய்?" என்றார்.

"பாட்டி விட்டாளே, சித்தப்பா" என்றேன்.

வைகை வறண்டு குழாயில் காற்று மட்டும் வரும் பங்குனியிலும், ஒரு சொம்பு தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.