மாத்தளைக் கல்லும் மகனீசியமும்

மாத்தளைப் பகுதியில் வெட்டப்படும் வெள்ளைக் கல்லை அறியாதார் இலர். அரைத்துத் தூளாக்கினால் அதுவே தேயிலைக்கும் தென்னைக்கும் இடும் தொலமைற்று. மண்ணின் மிகையான அமிலத்தைத் தணித்து, இலையின் பச்சையத்திற்கு வேண்டிய மகனீசியத்தையும் அது கொடுக்கிறது. தூய தொலமைற்றில் நூற்றுக்கு 13 பங்கு இந்த உலோகமே என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பாடசாலை இரசாயன அறையில் கண் கூச எரியும் வெள்ளிநிற நாடா மகனீசியந்தான். அவ்வளவு வேகமாக ஒட்சிசனைப் பற்றும் உலோகம் இயற்கையில் தனித்துக் கிடைக்குமா? கல்லிலே காபனேற்றாகவும், கடலிலே கரைந்த உப்பாகவும் கிடக்கிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 1.3 கிராம் உண்டு.

1755 இல் யோசப் பிளாக் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் மகனீசியாவும் சுண்ணாம்பும் வெவ்வேறு பொருள்கள் எனக் காட்டினார். 1808 இல் ஹம்பிரி டேவி மின்சாரத்தின் துணையால் உலோகத்தைப் பிரித்தார். கிடைத்ததோ மிகச் சிறிது, அதுவும் தூயதன்று. 1833 இல் மைக்கேல் பரடே உருகிய மகனீசியங் குளோரைட்டினூடே மின்சாரத்தைச் செலுத்தினார். பிற்காலக் கைத்தொழிலுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று. உலக யுத்தத்தின்போது, 1941 இல், அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் டௌ கம்பனியார் சிப்பியோட்டுச் சுண்ணாம்பைக் கடல்நீரில் இட்டு மகனீசியத்தைப் படியச் செய்து, குளோரைட்டாக்கி, மின்பகுத்து உலோகம் எடுத்தனர். ஆகாய விமானத்திற்கு இலேசான உலோகம் வேண்டியிருந்தது. எரிகுண்டுக்கும் அதே உலோகந்தான்!

நமது கல்லுக்கு ஏற்றது மற்றொரு முறை. அக்காலத்திலேயே கனடாவில் லொயிட் பிஜன் என்பவர் வகுத்தது அது. தொலமைற்றைச் சுட்டுக் காபனீரொட்சைட்டைப் போக்கி, பெரோசிலிக்கனோடு கலந்து, காற்றகற்றிய உருக்குக் குழாயில் ஏறக்குறைய 1,200 பாகை செல்சியசுக்குச் சூடாக்குவர். சிலிக்கன் ஒட்சிசனைப் பறிக்க, மகனீசியம் ஆவியாகிக் குழாயின் குளிர்ந்த முனையிலே படியும். சுண்ணாம்பு சிலிக்காவைக் கட்டிக் கசடாக நின்றுவிடும். கல்லிலேயே சுண்ணாம்பு கலந்திருப்பது இங்கே குறையன்று, உதவி.

மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரிற் சிலர் சேலம் ஜில்லாவினர். அங்கும் ஒரு வெள்ளைக் கல் உண்டு. மக்னசைற்று என்பது பெயர். ஆங்கிலேயர் அக்குன்றுகளைச் சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்றே அழைத்தனர். அக்கல் பெரும்பாலும் உலைகளுக்கான தீச்செங்கல்லாயிற்று.

'நாமே உலோகம் எடுத்தால் என்ன?' என்று இளைஞர் கேட்பது நியாயமே. ஆனால் கல் இருப்பது காரியத்தின் சிறு பங்கு. பெரோசிலிக்கனைச் செய்யவே மின்னுலை வேண்டும். குழாய்களைச் சூடாக்க எரிபொருள் வேண்டும். பெறும் உலோகத்தைவிடக் கசடு பல மடங்கு. டெக்சஸ் ஆலை 1998 இல் மூடப்பட்டது, கடல் வற்றிவிடவில்லை! இன்று உலக மகனீசியத்தின் பெரும்பகுதியைப் பிஜன் முறையாலேயே ஆக்குவது சீனா. அங்கே தொலமைற்றின் அருகிலேயே மலிவான நிலக்கரியும் இருக்கிறது. நம்மிடம் உள்ளது கல் மட்டுமே.