மடத்தை விட்டு வந்தவளுக்கு வீடு எங்கே?



வெள்ளக்கடையில் நின்று பேசுகிறோம். சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். குழி வெட்டியவர்கள், பழம் பறித்த பெண்கள் பெயரை எந்தப் பலகையிலும் நாம் பார்த்ததில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவதை 1951ஆம் ஆண்டின் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. ஆனாலும் லைன் வீடு வேலையோடு முடிச்சுப் போட்ட வீடு. வேலை போனால் கூரையும் போகும்.

இதே மலையில் கன்னியர் மடங்களும் இருக்கின்றன. லைன் வீட்டுக்கும் மடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எழுத்தாளர் பாமாவின் வாழ்க்கையை வைத்து அதற்குப் பதில் தேடுவதே இந்த உரை.

பாமா 1958இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆய்வாளர் ராஜ் கௌதமன் அவருடைய அண்ணன். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அந்தக் குடும்பத்தைச் சாதி விடவில்லை. பாட்டி வேலை செய்த வீட்டில் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினார்கள், மிச்சச் சோறு கொடுத்தார்கள். இதைப் பார்த்து வளர்ந்த பெண் படித்தார், ஆசிரியை ஆனார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்ற நம்பிக்கையோடு மடத்தில் சேர்ந்தார்.

மடத்தில் எல்லோரும் சகோதரிகள். அழைக்கும் சொல்லில் குடும்பம் இருந்தது, பழகும் முறையில் சாதி இருந்தது. ஏழைகளுக்காக வந்தவர் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியில் நின்றார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக வாழ்வதையும், தலித்துகளைப் பற்றி இளக்காரமாகப் பேசுவதையும் கண்டார். ஏழு ஆண்டுகள் பொறுத்து, 1992இல் வெளியேறினார்.

வெளியேறியவருக்கு வேலை இல்லை, இருக்க இடம் இல்லை. கல்யாணம் ஆகாத தலித் பெண், அதிலும் மடத்தை விட்டு வந்தவர். ஊர் கேட்கும் கேள்விகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லைன் வீட்டுக்கும் மடத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான். தங்க இடம் தந்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையையும் தன் கையிலேயே வைத்திருந்தார். கீழ்ப்படியும் வரைக்கும்தான் கூரை.

அந்த நிலையில் எழுதியதே 'கருக்கு'. 1992இல் வெளிவந்தது. பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும். அவரையும் அறுத்தது. ஊர்க் கதையை ஊர்ப் பேச்சிலேயே எழுதியதற்காகச் சொந்த ஊருக்குள் ஏழு மாதம் நுழைய முடியவில்லை. மடம் போயிற்று, ஊரும் கதவைச் சாத்தியது. பிறகு அந்த ஊரே புத்தகத்தைப் புரிந்துகொண்டு அவரை ஏற்றுக்கொண்டது.

இதில் காயம் ஆறியது எப்படி? மறந்ததாலோ மன்னித்ததாலோ அல்ல. தனக்கு நடந்தது தன் பாவத்தால் வந்ததல்ல, சாதியால் வந்தது என்று பெயர் சொல்லி எழுதியதால். 1994இல் 'சங்கதி' வந்தபோது 'நான்' என்பது 'நாங்கள்' ஆயிற்று. பாட்டிகளும் அத்தைகளும் வயல்வேலைக்குப் போகும் பெண்களும் சேர்ந்து பேசும் குரல் அது. அவர் தேடிய குடும்பம் அங்கே கிடைத்தது என்பது நம் வாசிப்பு. 2011இல் வந்த 'மனுசி' அந்தத் தனிப் பெண்ணின் வாழ்க்கையைத் தொடர்ந்து சொல்கிறது.

இதை ஒரு தனிமனுசியின் வெற்றிக் கதையாக மட்டும் வாசித்தால் நாம் ஏமாந்துபோவோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித் இன்னும் வெளியே நிற்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. திருச்சபைக்குள்ளோ, தனிப் பங்கு கேட்ட தலித்துகளுக்கும் சாதிக் கிறித்தவர்களுக்கும் எறையூரில் 2008 மார்ச்சில் மோதல் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. கோயிலில் தனி இடம், கல்லறையில் தனிச் சுவர், சட்டத்தில் தனிக் கதவு. எங்கே போவாள் நம் பெண்?

ஆகவே இங்கே கூடியிருக்கும் மாணவர்களிடம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கிறோம். ஒன்று, வீட்டுப் பட்டா பெண் பெயரில் வேண்டும் என்ற கோரிக்கையில் தனியாக வாழும் பெண்ணையும், கிறித்தவத் தலித் பெண்ணையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். இரண்டு, இந்த மலையின் லைன் வீடுகளுக்குப் போய் அங்குள்ள அம்மாக்களிடம், ஆயாக்களிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுத வேண்டும். காக்பர்னின் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார்கள். மற்றப் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும்.