இசைவுக்கு முன்பே காதல்: ‘பட் ஐம் எ சியர்லீடர்’ படத்தில் பெற்றோரின் இடம்

காதல் நகைச்சுவையில் பெற்றோரின் எதிர்ப்பு மிகப் பழைய முடிச்சு. மெனாண்டர் காலத்துக் கிரேக்க நாடகங்களிலேயே இளையோரின் காதலுக்குத் தந்தை குறுக்கே நிற்கிறார். பெண்ணின் பிறப்பு பற்றிய உண்மை தெரியவந்ததும் இறங்கி வருகிறார். கதை மணவிழாவில் நிறைவுறுகிறது. அங்கே தந்தை மறுப்பது பிள்ளை தேர்ந்த துணையை மட்டுமே. தன்பாலீர்ப்புள்ள பதின்பருவத்தினரின் கதையில் மறுக்கப்படுவதோ பிள்ளையின் இயல்பு. குலமோ செல்வமோ வெளிப்பட்டு அவிழும் முடிச்சு அன்று இது. எனவே பெற்றோரின் இசைவில் முடியும் பழைய வடிவம் இக்கதைக்குப் பொருந்தாது. ஜேமி பாபிட் இயக்கிய ‘பட் ஐம் எ சியர்லீடர்’ (1999) என்ற அமெரிக்கப் படம் அவ்வடிவத்தைத் துணிந்து மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாயகி மேகனுக்கு 17 வயது. பக்தியுள்ள குடும்பத்துப் பெண். அவள் இறைச்சி உண்பதில்லை. பாடகி மெலிசா எத்ரிஜின் படத்தை வைத்திருக்கிறாள். காதலன் முத்தமிடும்போது மனம் வேறெங்கோ இருக்கிறது. இவற்றை அவளது தன்பாலீர்ப்புக்குச் சான்றுகளாக அடுக்கி, பெற்றோரும் நண்பர்களும் ஒருநாள் அவளைச் சூழ்ந்து உட்கார்கிறார்கள். ‘ட்ரூ டைரக்‌ஷன்ஸ்’ என்ற திருத்த முகாமுக்கு அனுப்புகிறார்கள். தான் யாரென்பதை மகள் அறியுமுன்பே வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறது. இத்தனைக்கும் அவர்கள் கொடியவர்கள் அல்லர். மகளின் நலம் நாடியே இதைச் செய்கிறார்கள். அன்பே தண்டனையின் கருவியாகும் இந்தக் கொடுமையைப் படம் கூச்சலின்றிக் காட்டுகிறது.

முகாமில் ஒவ்வொருவரும் தம் ஈர்ப்பின் ‘வேரை’ச் சொல்லியாக வேண்டும். ஒருத்தி தான் பிரான்சில் பிறந்ததைச் சொல்கிறாள். மேகன் காதலிக்கப்போகும் கிரஹாம், தன் தாய் கால்சட்டை அணிந்து மணமுடித்ததைச் சொல்கிறாள். மேகனோ, தந்தை வேலையிழந்த நாட்களில் தாய் சம்பாதித்ததைக் கண்டெடுக்கிறாள். காரணம் இருந்தே தீரவேண்டும் என்று முடிவுகட்டிவிட்டால் எதுவும் காரணமாகிவிடும். அத்துடன், பிள்ளையைக் குணப்படுத்த அனுப்பிய பெற்றோரே நோயின் மூலமாகவும் ஆகிவிடுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இல்லாத நோய்க்கான மருத்துவத்தில் முதல் பலி உண்மை, அடுத்தது குடும்பம்.

முகாமின் பயிற்சியில் பெண்களுக்கு இளஞ்சிவப்பு உடை, வீட்டுவேலை, குழந்தை பராமரிப்பு. ஆண்களுக்கு நீல உடை, விறகு பிளத்தல், கார் பழுதுபார்த்தல். இயற்கை என்று சொல்லப்படுவதற்கு இவ்வளவு ஒத்திகை தேவைப்படுகிறது! ஆண்சாயல் கொண்ட ஜான் என்ற பெண், தனக்கு ஆண்களையே பிடிக்கும் என்று அழுதுகொண்டே வெளியேறும் இடத்தில் முகாமின் கோட்பாடு முழுவதும் சரிகிறது. தோற்றத்தைக் கொண்டு ஈர்ப்பைக் கணித்தவர்கள் அவளையும் அறியவில்லை.

மிகைச் சித்திரிப்பு என்று அக்கால விமர்சகர்கள் பலர் குறை கூறினர். அக்குறையை என்னால் ஏற்க இயலவில்லை. மிகை முழுவதும் முகாமின் மீதே விழுகிறது. மேகனும் கிரஹாமும் நெருங்கும் காட்சிகளில் பளிச்சிடும் வண்ணங்கள் அடங்கி, மென்மை வந்துவிடுகிறது. அந்த மென்மையே தணிக்கையாளர்களை உறுத்தியது. அமெரிக்கத் தரச்சான்று வாரியம் முதலில் என்.சி.-17 சான்று வழங்கியது. சில காட்சிகளை வெட்டிய பிறகே ஆர் சான்று கிடைத்தது. முதல் சான்றின்படி, வெட்டுக்கு முந்திய படத்தை மேகனின் வயதினர் எவரும் அரங்கில் பார்த்திருக்க முடியாது. பெற்றோர்களைக் கொண்டு அமைந்ததாகச் சொல்லிக்கொள்ளும் வாரியம் அது. படத்துக்குள் இருந்த தடை படத்துக்கு வெளியேயும் எழுந்து நின்றது.

கிரஹாமுடனான நெருக்கத்துக்காக முகாமிலிருந்து நீக்கப்பட்ட மேகனுக்கு வீட்டிலும் இடமில்லை; முகாமைவிட்டு முன்பே விலகிய இருவர் அடைக்கலம் தருகிறார்கள். தந்தை கைவிட்டுவிடுவார் என்ற அச்சத்தில் கிரஹாம் முகாமிலேயே தங்கிவிடுகிறாள். இறுதியில் முகாமின் பட்டமளிப்பு விழாவுக்குள் புகுந்து, எல்லோர் முன்னிலையிலும் மேகன் தன் காதலைச் சொல்கிறாள். இருவரும் சேர்ந்த பிறகே, பீஃப்ளாக் கூட்டத்தில் மேகனின் பெற்றோரைக் காண்கிறோம். தன்பாலீர்ப்பாளரான மகனுக்காக 1972இல் நியூயார்க் ஊர்வலத்தில் நடந்த ஜீன் மான்ஃபோர்டு என்ற தாய் மறு ஆண்டு தொடங்கிய பெற்றோர் அமைப்பு அது.

இந்த வரிசைமுறையே படத்தின் சாதனை. பழைய நகைச்சுவையில் பெற்றோர் மனம் மாறுவது காதல் நிறைவேறுவதற்கான நிபந்தனை. இங்கே காதல் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. மனம் மாறுவது அவர்கள் தங்களுக்காகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். பெற்றோரைப் பகைவராக்காமல், அவர்களது இசைவைப் பிள்ளையின் வாழ்வுக்கு விலையாகவும் ஆக்காமல் கதை சொல்ல முடியும் என்பதை இப்படம் நிறுவியிருக்கிறது.