மரை பொருந்தாத ஆணிகள்: நானுஓயாவில் ஒரு பழைய லொறி

நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பழைய பெட்போர்ட் லொறி நிற்கிறது. ஒரு காலத்தில் கொழுந்து ஏற்றிய லொறி. எஞ்சின் இன்னும் ஓடும். ஆனால் முன்முகத்துக் கிரில்லைப் பிடித்திருந்த ஆணிகளில் மூன்றைக் காணோம். ஒரு பக்கத்து லைட் வளையத்தைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கதவோரத்து வெள்ளிப் பட்டி காற்றில் ஆடுகிறது.

"நாலு ஆணி தானே, டவுன்ல வாங்கிப் போட்டுடலாம்" என்றுதான் நாங்களும் நினைத்தோம். 8 மில்லிமீட்டர் போல்ட் வாங்கிவந்து கிரில்லில் வைத்துத் திருகினோம். ஒரு சுற்றுப் போனது. அடுத்த சுற்றில் இறுகி நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த வயதான மெக்கானிக் பாஸ் ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பலவந்தம் பண்ணாதீங்க தம்பி. அது அங்குல மரை, இது மில்லிமீட்டர் மரை. ஏத்துனா ஏறும். ஆனா ரெண்டும் செத்துரும்."

ஒரே தடிப்புள்ள ஆணி ஏன் பொருந்தவில்லை என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. அந்த ஆணிக்குப் பின்னால் எங்கள் மலைநாட்டின் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

ரயிலுக்குப் பிறகு லொறி

கொழும்பிலிருந்து வந்த ரயில் பாதை 1885ல் நானுஓயாவை எட்டியது. 1903-04ல் இங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு குறுகிய பாதை ரயிலும் போடப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். தேயிலைப் பெட்டி கீழே வரும், அரிசியும் உரமும் மேலே போகும். பிறகு ரோட்டில் பஸ்ஸும் லொறியும் பெருக, அந்தச் சின்ன ரயிலால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1948ல் அது முடிவுக்கு வந்தது. தண்டவாளம் போன இடத்தில் லொறி வந்தது.

அன்றைய லொறிகள் பல முழு வண்டியாக இறங்கவில்லை. இங்கிலாந்திலிருந்து சேஸியும் எஞ்சினும் வரும். மரத்தாலான உடலை உள்ளூர்த் தச்சர்களும் பாஸ்மாரும் கட்டுவார்கள். அதனால்தான் ஒரே லொறியில் பல வகை ஆணி இருக்கிறது.

ஒரு அங்குலத்தில் எத்தனை சுற்று?

ஆணியின் தடிப்பு மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஒரு அங்குல நீளத்துக்குள் எத்தனை மரை, அந்த மரை எத்தனை பாகை சாய்வு என்பதும் பொருந்த வேண்டும். 1841ல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 55 பாகை மரையை முன்வைத்தார். பிரித்தானியப் பேரரசு முழுக்க அதுவே பரவியது. 1864ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை மரையை முன்வைத்தார். இரண்டும் அங்குலக் கணக்குத்தான், ஆனால் ஒன்று மற்றதில் ஒழுங்காக ஏறாது. 1884ல் சின்னக் கருவிகளுக்கென்று 47.5 பாகையில் பி.ஏ. என்ற இன்னொரு வகையும் பிரித்தானியாவில் வந்தது. லூக்காஸ் லைட்டுகளிலும் மின்சாரப் பாகங்களிலும் உள்ள குட்டி ஸ்க்ரூக்கள் இந்த வகை.

எங்கள் கிரில் ஆணியையே எடுத்துக்கொள்வோம். அது 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். நாங்கள் வாங்கியதோ 8. தலைமுடி அளவு வித்தியாசம்தான். ஆனால் 5/16 அங்குல ஆணியில் விட்வர்த் என்றால் அங்குலத்துக்கு 18 மரை. பிரித்தானிய நுண்மரை என்றால் 22. பிறகு வந்த ஒருங்கிணைந்த நுண்மரை என்றால் 24. சாதாரண 8 மில்லிமீட்டர் ஆணியில் கிட்டத்தட்ட 20. முதல் சுற்று ஏமாற்றும், இரண்டாவது சுற்றில் குட்டு வெளிப்படும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் குழப்பம் பெரிய தலைவலியானது. பிரித்தானிய விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்த பக்கார்ட் கம்பனி, அதற்காகவே பிரித்தானிய மரை வெட்டும் கருவிகளைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்தபின், 1948 நவம்பர் 18 அன்று, அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் வாஷிங்டனில் கூடி ஒரே மரைக்கு ஒப்பமிட்டன. 60 பாகை, அங்குலக் கணக்கு. அதுதான் ஒருங்கிணைந்த மரை.

அந்தத் தேதியைப் படித்தபோது நாங்கள் கொஞ்சம் நின்றுவிட்டோம். அதற்கு மூன்று நாள் முன்னால், நவம்பர் 15 அன்றுதான், 1948ம் ஆண்டின் 18ம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் எந்த நாட்டு ஆணியும் எந்த நாட்டு நட்டிலும் ஏறட்டும் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில், இந்த லொறிகளை ஓட்டியவர்களும் அவற்றில் கொழுந்து ஏற்றியவர்களும் எந்த நாட்டுக்கும் பொருந்தாதவர்களாக ஆக்கப்பட்டார்கள்.

பார்ட்ஸ் வராத காலம்

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, இறக்குமதி இறுகியது. 1970க்கும் 1977க்கும் இடையில் இன்னும் இறுக்கம். அரிசிக்கும் மாவுக்குமே திண்டாட்டம், 1973-74ல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம். அப்படியிருக்க லொறியின் வெள்ளிப் பட்டிக்கு யார் ஆணி இறக்குவார்கள்?

அதே ஆண்டுகளில் தோட்டங்களும் கைமாறின. 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அவை அரசிடம் போயின. லொறியும் போனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். குடும்பம் குடும்பமாக ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து எத்தனை கைவேலை தெரிந்தவர்கள் போனார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

மிஞ்சியவர்கள் சமாளித்தார்கள். பாஸ் சொன்னது: "பழைய போல்ட் ஒன்னையும் வீசமாட்டோம். மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, கம்பியில கோத்துத் தொங்கவிடுவோம். கிளிப் ஒடைஞ்சா பழைய வாள் தகட்ட வெட்டி வளைப்போம்." 1977க்குப் பிறகு கடை திறந்தது, ஜப்பான் லொறிகள் வந்தன, கூடவே மில்லிமீட்டர் ஆணியும். பழைய லொறிக்கு அவசரத்துக்கு அதையே அடித்து ஏற்றினார்கள். இப்போது எங்கள் பெட்போர்டில் சேஸியில் ஒரு வகை, மர உடலில் விட்வர்த், லைட்டில் பி.ஏ., ரிப்பேர் பார்த்த இடத்தில் மில்லிமீட்டர் என்று நாலு வகை ஆணி.

தேடுவது எப்படி?

பாஸிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படியொரு வண்டி நிற்கலாம்.

முதலில், காணாமல்போன ஆணியைத் தேடாதீர்கள், மிச்சமிருக்கும் பக்கத்து ஆணியைக் கழற்றுங்கள். துரு பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். தடிப்பை வெர்னியரால் அளந்து, மரையை மரை அளவியால் எண்ணுங்கள். அளவி இல்லையென்றால் ஆணியைத் தாளில் அழுத்தி, பதிந்த கோடுகளை ஒரு அங்குலத்துக்கு எண்ணலாம். வகை தெரிந்த நட்டு ஒன்று கையில் இருந்தால் அதுவும் ஒரு அளவிதான்: விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும், ஆடவும் கூடாது. 2 பி.ஏ. ஸ்க்ரூ 4.7 மில்லிமீட்டர்தான், 5 மில்லிமீட்டர் நட்டில் இலேசாக ஏறிவிடும். நம்பி விட்டால் ராதெல்ல வளைவுக்குள் கழன்று விழும்.

ஸ்பேனரும் ஏமாற்றும். 5/16 ஒருங்கிணைந்த ஆணியின் தலைக்கு அரை அங்குலச் சாவி, அதாவது 12.7 மில்லிமீட்டர். 13 போட்டால் பிடிப்பது போல இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக மூலை தேய்ந்து தலை உருண்டைதான். பழைய விட்வர்த் சாவியில் எழுதியிருப்பதோ தலையின் அகலம் இல்லை, ஆணியின் தடிப்பு.

மர உடலில் ஓட்டை பெருத்திருந்தால் பெரிய ஸ்க்ரூ போடாதீர்கள். மரக்குச்சியைப் பசையோடு அடைத்து, புதிதாகத் துளை போடுங்கள். பித்தளை ஸ்க்ரூ என்றால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி வழி பண்ணிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தலை முறியும். அலுமினியப் பட்டியை வெறும் இரும்பு ஆணியால் இறுக்கினால் நம்ம ஊர் மிஸ்ட்டும் மழையும் சேர்ந்து அரித்துவிடும். நடுவில் ரப்பர் வாசரும் கொஞ்சம் கிரீஸும் வேண்டும். கடைசியாக, ஒரிஜினல் ஆணி வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். போகும்போது மாதிரி ஆணி கையில் இருக்க வேண்டும். வாயால் சொல்லி வாங்க முடியாது.

தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் தொரைமாரின் பெயர் இருக்கிறது, ரயில் எஞ்சின் படம் இருக்கிறது. இறக்குமதி நின்ற பதினைந்து வருசம் கொழுந்து லொறியை ஓட வைத்தவர்களின் பெயர் இல்லை. அவர்கள் எழுதி வைக்கவும் இல்லை, தெரிந்ததெல்லாம் விரலில் இருந்தது. பாஸின் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் நிறைய ஆணி. எது எந்த வண்டிக்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது நாங்கள் ஒவ்வொன்றையும் அளந்து, சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் சொல்லச் சொல்லத்தான் எழுத முடிகிறது.

கிரில்லுக்கு மூன்று ஆணி தேவைப்பட்டது. அந்தப் போத்தலிலிருந்து இரண்டு கிடைத்தன, விரலாலேயே ஏறின. மூன்றாவது ஓட்டை இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய டின்னில் 5/16, அங்குலத்துக்கு 24 மரை ஆணி ஒன்று கிடந்தால் சொல்லுங்கள்.