மறைந்திருப்பவனும் திரைக்குப் பின்னால் இருப்பவரும்

பனிக்காலத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் பிள்ளைகள் கூடி விளையாடும் விளையாட்டொன்று உண்டு. நாலைந்து பேர், ஒரு மேசை, நாலு முகத்திலிருந்து இருபது முகம்வரை விதவிதமான பகடைகள், பென்சில், தாள், குறுக்கே ஓர் அட்டைத் திரை. திரைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை கதையை நடத்தும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் கள்வனாகவும் நடமாடுவார்கள். ஒருநாள் சாப்பிடக் கூப்பிடப் போன நாம் படிக்கட்டிலேயே நின்றுவிட்டோம். "நீங்கள் ஒருத்தரும் காணேல்லை. அவங்கள் மரங்களுக்குப் பின்னால நிண்டவங்கள்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நாங்கள் காவல் வைச்சனாங்கள்தானே!" என்று இன்னொரு குரல் வாதாடியது. பிறகு பகடை உருண்டது.

பதுங்கித் தாக்குதல் என்ற சொல்லை எமது தலைமுறை விளையாட்டில் கற்கவில்லை. அதனாலேயே இந்த வாதம் எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

அது புறப்பட்ட இடம் பிரஷ்யா. 1812இல் ரைஸ்விற்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். காடு, ஆறு, மேடு எல்லாம் தனித்தனித் துண்டுகளாக அடுக்கக்கூடிய அழகான மேசை. ஆனால் அதைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் எல்லாமே தெரியும். சதுரங்கமும் அப்படித்தான்; எதிரியின் குதிரை எங்கே நிற்கிறது என்பது அங்கே இரகசியமல்ல. படை அதிகாரியாயிருந்த அவருடைய மகன் 1824இல் வெளியிட்ட விதிகளில்தான் பெரிய மாற்றம் வந்தது. மேசைக்குப் பதில் 1:8000 அளவிலான நிலப்படம். இரு தரப்பாரும் தமது கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். யாருடைய கண்ணுக்கு எது தென்படுமோ அதை மட்டும் நடுவர் படத்தில் வைப்பார். காட்டுக்குள் நிற்கும் குதிரைப்படை நடுவருடைய மனத்தில் மட்டுமே இருக்கும், எதிரி அருகில் வரும்வரை.

ஒருவர் மறைந்திருக்க வேண்டுமானால், அவர் மறைந்திருப்பதை அறிந்த மூன்றாமவர் ஒருவர் வேண்டும் என்பதை அந்த இளம் அதிகாரி கண்டுகொண்டார். படைத்தலைமை அதிகாரி மியூஃப்ளிங் இந்த விளையாட்டைப் படைகளுக்குப் பரிந்துரைத்தார். ஆயினும் கண்டுபிடித்தவரின் முடிவு நல்லதாக இருக்கவில்லை. 1827இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1876இல், வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி பகடையும் அட்டவணையும் தேவையில்லை, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். பகடையா நடுவரா என்ற அந்தச் சண்டை இன்றும் தீரவில்லை. எமது பேஸ்மென்றில் கேட்டதும் அதுவேதான்.

அமெரிக்காவுக்கு அது வந்த வழியும் சுவையானது. 1880இல் அமெரிக்கப் படை அதிகாரி சார்ள்ஸ் டொற்றென் எழுதிய 'ஸ்ட்ரற்றகோஸ்' என்ற பழைய விதிநூலை, மினெசோட்டாவில் டேவ் வெஸ்லி என்ற இளைஞர் நூலகத்தில் கண்டெடுத்தார். நடுவர் என்ற பாத்திரத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, 1969இல் பிரவுன்ஸ்ரைன் என்ற கற்பனை ஜேர்மன் நகரத்தில் ஒரு விளையாட்டை நடத்தினார். விளையாடியவர்களிற் பலர் படைத்தளபதிகளாக அல்ல, அந்நகரத்து மனிதர்களாக இருந்தார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும், விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கரி கைகக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்'. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டி.

அதில் திடுக்கீட்டுக்கான விதி மிக எளிமையானது. நிலவறைக்குள் இரு கூட்டம் எதிர்ப்படுகிறது. ஒவ்வொரு தரப்புக்கும் ஆறுமுகப் பகடை ஒன்று. 1 அல்லது 2 விழுந்தால் அத்தரப்பு திடுக்கிட்டுப் போகும். மற்றத் தரப்பு முந்திக்கொள்ளும். சாதாரணமாக இருபதிலிருந்து எண்பது அடித் தூரத்தில் நிகழும் சந்திப்பு, திடுக்கீடானால் பத்திலிருந்து முப்பது அடிக்குள் நிகழும். வெளிச்சமோ சத்தமோ இருந்தால் திடுக்கீடு இல்லை. இதில் யார் எங்கே பதுங்கினார் என்ற கேள்வியே கிடையாது. மூன்றில் ஒரு பங்கு தலைவிதி, அவ்வளவுதான். தீப்பந்தம் இல்லாமல் நிலவறையில் நடக்க முடியாது, தீப்பந்தம் இருந்தால் யாரையும் திடுக்கிட வைக்கவும் முடியாது. இந்த இக்கட்டைத்தான் இவ்விதியில் நாம் மிகவும் இரசித்தோம்.

அடுத்த ஆண்டு, 1975இல், கிரேஹோக் என்ற துணைநூலில் கள்வன் வந்தான். கலிபோர்னியாவின் சான்ரா மோனிக்காவில் விளையாடிய ஒரு குழுவிடமிருந்து வந்த யோசனை அது. இருளில் ஒளிப்பதும் சத்தமின்றி நடப்பதும் அவனுடைய தொழில். முதுகுப்புறமிருந்து குத்தினால் இரட்டிப்புச் சேதம். 1978இல் வந்த விரிவான விதிநூலிலும் அனுபவம் கூடக்கூட மூன்று, நான்கு, ஐந்து மடங்கு. ஆனால் அதே நூலில் புதிய கள்வன் ஒருவன் சத்தமின்றி நடக்க நூற்றுக்குப் பதினைந்து, நிழலில் ஒளிக்க நூற்றுக்குப் பத்து. இரண்டும் சேர்ந்து சரிவர வேண்டுமானால் நூற்றுக்கு ஒன்றரை! பதுங்குவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதுதான் கூலி. இதில் இன்னொரு நட்டமும் உண்டு. ஒளிப்பது ஒருவனின் தொழிலென்று எழுதிவைத்ததும், மற்றவர்கள் தாம் ஒளிக்கவே முடியாதவர்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். உயிர்ப்பயம் வந்தால் எவரும் ஒளிப்பார்கள் என்பது எமக்குத் தெரியும், விதிநூலுக்குத் தெரிந்திருக்கவில்லை.

1979இல் வந்த நடுவருக்கான நூலில் திடுக்கீடு மிகக் கொடூரமாயிற்று. ஒரு நிமிடச் சுற்று, ஆறு விநாடிகள் கொண்ட பத்துக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. பகடையில் விழுந்த எண்ணுக்கேற்ப ஒன்றோ இரண்டோ கூறுகளைத் திடுக்கிட்டவர் இழப்பார். அந்த ஒவ்வொரு கூறிலும் தாக்குபவர் முழுச் சுற்றுக்குரிய அடியை அடிக்கலாம். வாளை உருவுமுன்னரே ஒரு கூட்டம் முழுவதும் செத்துப்போகலாம். இந்தப் பக்கங்களை விளங்கிக்கொள்வது சுலபமல்ல. பழைய ஆட்டக்காரர்களே ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்.

எமது மனதைத் தொட்டது வேறொரு நூல். 1981இல் ரொம் மோல்ட்வே தொடக்க ஆட்டக்காரருக்காகத் திருத்திய விதிகளில் கள்வனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வருகிறது. அவனுக்கான பகடையை நடுவரே உருட்டுவார். பலித்தாலும் பலிக்காவிட்டாலும், தான் மறைந்திருப்பதாகவே கள்வன் எப்போதும் நினைத்துக்கொள்வான். இதை வாசித்தபோது சில கணங்கள் புத்தகத்தை மூடிவைத்தோம். பனங்காணிக்குள்ளும், பிறகு யாரோ ஒருவரின் லொறிக்குப் பின்னாலும் மூச்சைப் பிடித்துக் கிடந்தவர்கள் எம்மிற் பலர். எம்மைக் கண்டுவிட்டார்களா இல்லையா என்பது எமக்குக் கடைசியாகத்தான் தெரியும். விஸ்கொன்சினில் அச்சான ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

அதன்பின் வந்தவற்றில் நடுவரின் இரகசியம் மெல்ல மெல்லக் குறைந்தது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் ஒளிப்பவரின் திறனும் காண்பவரின் திறனும் எதிரெதிரே மோதின. கள்வன் என்ற பெயரும் போய்ப் போக்கிரி என்ற பொருள்படும் சொல் வந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் உணர்வெண் எழுதிவைக்கப்பட்டது: பத்தும் அவருடைய திறனும். ஒளிப்பவர் உருட்டும் எண் அதைத் தாண்ட வேண்டும். திடுக்கிட்டவர் தமது முதல் முறையில் அசையவும் முடியாது. 2024இன் திருத்தத்தில் இதுவும் போயிற்று. யார் முந்துவது என்பதற்கான பகடையைத் திடுக்கிட்டவர் இரண்டு தரம் உருட்டிக் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. அதிர்ஷ்டம் இருந்தால் பதுங்கியிருந்தவனுக்கு முன்னரே அவர் அடித்துவிடவும் கூடும்.

இதன் நியாயம் விளங்காமலில்லை. மாலை முழுவதும் காத்திருந்த பிள்ளை ஒரு பகடையும் உருட்டாமல் செத்துப்போவது விளையாட்டாகாது. விதி எதிரிக்கும் பொதுவானது. இன்று நாம் பதுங்கினால் நாளை அவர்கள் பதுங்குவார்கள். ஆனால் 2024இன் விதியில் உள்ளதைப் பதுங்கித் தாக்குதல் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. முதற்கணம் தாக்கப்படுபவருக்குச் சொந்தமல்ல என்பதை 1979இன் நூல் அறிந்திருந்தது. எமது பிள்ளைகள் எந்தப் பதிப்பை விளையாட வேண்டும் என்று கேட்டால் புதியதைத்தான் சொல்வோம். எதில் உண்மை இருக்கிறதென்று கேட்டால் பழையதைக் காட்டுவோம்.

அன்றிரவு வாதம் முடிய நெடுநேரமாயிற்று. காவல் வைத்தவர்களுக்கு ஒரு பகடை தருவதென்று திரைக்குப் பின்னாலிருந்த பிள்ளை ஒப்புக்கொண்டது. உருட்டினார்கள், போதவில்லை. "சரி, ஆனால் நீ பொய் சொல்லேல்லைத்தானே? அவங்கள் முதலே அங்கதானே நிண்டவங்கள்?" என்று மற்றவன் கேட்டான். பிள்ளை அட்டைத் திரையைச் சற்றே சாய்த்து, முன்கூட்டியே பென்சிலால் கீறி வைத்திருந்த படத்தைக் காட்டியது. மரங்களுக்குப் பின்னால் ஆறு சிறு புள்ளடிகள் இருந்தன. அதன் பிறகே எல்லோரும் சாப்பிட மேலே வந்தார்கள்.