ஒற்றைக் கதவு: சில்லு பூட்டின வீடுகளின் கதை

ஊரடங்கு காலத்தில் நித்திரை வராத இரவுகளில் நான் பார்த்ததெல்லாம் ஒரே வகை வீடியோக்கள்தான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் அறுபது, எழுபது வருஷம் பழமையான ட்ரெய்லர் ஒன்றைப் பற்றைக்குள் இருந்து இழுத்துக்கொண்டு வந்து, மாதக்கணக்காக அதைத் திருத்துவார். கார் பின்னால் கொழுவி இழுத்துப்போற, உள்ளே கட்டிலும் அடுப்பும் உள்ள அந்தச் சின்ன வீட்டைத்தான் சொல்கிறேன். கொஞ்ச நாளில் ஒரு விஷயம் விளங்கியது. கூரை, நிலம், வயரிங் எல்லாவற்றையும் விட அவர்களை அதிகம் பாடுபடுத்துறது கதவு. சும்மா ஒரு கதவு! அதில் என்ன பெரிய வேலை எண்டு யோசிச்சுத் தேடப் போனேன். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதையே இருந்தது.

1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில், காரில் ஊர் சுற்றிக் கூடாரமடித்துத் தங்குகிற ஆக்கள் சேர்ந்து "டின் கேன் டூரிஸ்ட்ஸ்" எண்ட சங்கத்தைத் தொடங்கினார்கள். தகரப் பேணிச் சாப்பாட்டோடு திரிகிறவர்கள் எண்டது பெயரின் அர்த்தம். அப்போது அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் துணி. துணிக் கூடாரத்துக்குக் கதவு இல்லை, பூட்டும் இல்லை.

பத்து வருஷத்துக்குப் பிறகு டெட்ரொயிட்டில் ஆர்தர் ஷெர்மன் எண்ட பக்டீரியா ஆய்வாளர் குடும்பத்தோடு சுற்றுலா போனார். அவர் கொண்டுபோனது விரித்துக் கட்டுகிற துணிக் கூடார ட்ரெய்லர். மழை பிடித்தது, கூடாரத்தை விரிக்கிறதுக்குள் எல்லாரும் நனைந்துபோனார்கள். வீட்டுக்கு வந்தவர் துணியே வேண்டாமெண்டு முடிவெடுத்து, சுவரும் கூரையும் கதவும் உள்ள ஒரு பெட்டியைச் சில்லுக்கு மேலே செய்வித்தார். அதுக்கு வைத்த பெயர் "கவர்ட் வேகன்". 1930களின் நடுப்பகுதியில் அந்தக் கொம்பனிதான் நாட்டின் மிகப்பெரிய ட்ரெய்லர் உற்பத்தியாளர். இந்த மாற்றத்தைச் சின்னதா நினைக்க வேண்டாம். துணிக்குப் பதிலாகப் பலகை வந்தவுடன், ரோட்டில் ஓடுகிற பொருளுக்கு "வீட்டு வாசல்" எண்ட ஒன்று வந்துவிட்டது.

வாசலை எங்கே வைக்கிறது எண்டதில் கூட ஆளுக்கொரு யோசனை. ஹோலி பௌலஸ் எண்டவர் கிளைடர் விமானங்கள் கட்டினவர். லிண்ட்பேர்க் அட்லாண்டிக்கைக் கடந்த "ஸ்பிரிட் ஒஃப் சென்ட் லூயிஸ்" விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்தவரும் இவர்தான். 1934இல் இவர் செய்த "ரோட் சீஃப்" ட்ரெய்லர் விமான உடல் போலவே மினுங்குகிற அலுமினியம். ஆனால் கதவு முன்பக்கம், காரோடு கொழுவுகிற கம்பிக்கு நேர் மேலே! உள்ளே போக அந்தக் கொழுவியைத் தாண்டி ஏற வேண்டும். அந்த வடிவத்தை எடுத்து 1936இல் வொலி பயம் "எயர்ஸ்ட்ரீம் கிளிப்பர்" எண்டு வெளியிட்டபோது கதவைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார். விலை 1,200 டொலர். பொருளாதார மந்தம் நாட்டை நெரித்த காலத்தில் அது பெரிய காசு. அதுக்குப் பிறகு வந்த ட்ரெய்லர்களில் பக்கவாட்டுக் கதவே வழமையாகிவிட்டது.

சரி, அந்தக் கதவு ஏன் இப்படிப் பழுதாகிறது?

எங்கட வீட்டுக் கதவு ஆடாத சுவரில் நிற்கிறது. ட்ரெய்லர் கதவு, ஒவ்வொரு குழியிலும் முறுகுகிற ஒரு பெட்டியில் வெட்டின ஓட்டை. பெட்டியின் பக்கத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை போட்டால் அந்த இடம்தான் முதலில் பலவீனமாகும். 1950களில் நிறைய வந்த, பக்கத்தில் இருந்து பார்த்தால் பேணியில் அடைத்த இறைச்சியின் வடிவத்தில் இருக்கிற சின்ன ட்ரெய்லர்களில், உள்ளே மெல்லிய மரச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உட்பக்கம் பிளைவூட். தகட்டு விளிம்பால் மழைத்தண்ணி உள்ளே இறங்கினால் வெளியே வரத் தெரியாது. அது கீழே இறங்கிக் கதவின் அடிச்சட்டத்தில் தேங்கும். மரம் உக்கும். பிணைச்சலின் திருகாணிகள் உக்கின மரத்தில் பிடிமானமில்லாமல் ஆடும். கதவு தொங்கும். தொங்கினால் பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளைக்கு நேரே வராது. ஆக்கள் பூட்டைத்தான் பழுதெண்டு நினைத்து மாற்றுவார்கள். வருத்தம் ஒரு இடம், மருந்து இன்னொரு இடம்.

அதனால் தெரிந்தவர்கள் பூட்டில் கை வைக்க மாட்டார்கள். முதலில் கதவைவிட்டு, கதவு நிலையைப் பார்ப்பார்கள். நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால், சமமாக இருந்தால் நிலை நேர். இல்லையெண்டால் பெட்டியே சரிந்துவிட்டது, அதைத்தான் முதலில் நிமிர்த்த வேண்டும். பிறகுதான் கதவைக் கழட்டி மேசையில் படுக்க வைத்து, விளிம்புப் பட்டியையும் தகட்டையும் மெதுவாக உரித்தெடுப்பது. உக்கின பழைய சட்டத்தை எறியக்கூடாது. அதுதான் புதுச் சட்டத்துக்கு அச்சு. வெட்டி, ஒட்டி, மூலைவிட்டம் பார்த்து, பழைய தகட்டையே திரும்பப் போர்த்துவார்கள். விளிம்புகளுக்குப் பிசுபிசுப்பான பியூட்டைல் பட்டி. சிலிக்கோன் பூசினால் அன்றைக்குச் சுகம். ஆனால் அது விட்டுப்போகிற படலத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, அடுத்த முறை திருத்துகிறவர் உங்களைத் திட்டுவார்.

அலுமினிய எயர்ஸ்ட்ரீம் கதவு வேற ரகம். அது தட்டையான கதவில்லை, உடம்பின் வளைவோடு சேர்ந்து வளைந்தது. வருஷங்கள் போகப் போக அந்த வளைவு தளர்ந்து, மேலேயும் கீழேயும் கதவு வெளியே நிற்கும். உட்தகட்டின் ரிவிட்களைத் துளைத்து எடுத்து, கதவைத் திரும்ப வளைத்துப் பிடித்தபடியே உட்தகட்டை ரிவிட் அடித்தால்தான் வளைவு நிலைக்கும். இரண்டு தகடும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விமான இறக்கையின் அதே சூத்திரம்.

இனி பாதுகாப்பு. பிணைச்சல் கதவின் முன் விளிம்பில் இருந்தால், ஓடும்போது பூட்டு விட்டாலும் காற்றே கதவை அமத்தி வைத்திருக்கும். பின் விளிம்பில் இருந்தால், அதே காற்று கதவைப் பிடுங்கி உடம்போடு அறையும். அதனால்தான் பழைய ட்ரெய்லர் வைத்திருக்கிறவர்கள் புறப்பட முதல் பூட்டைவிட இன்னொரு கொண்டியும் போடுகிறார்கள். ஆனால் இரவில் உள்ளே படுக்கும்போது, திறப்பு இல்லாமல் உள்ளே இருந்து திறக்க முடியாத பூட்டைப் போடவே கூடாது. மரம், பிளைவூட், வாயு அடுப்பு, ஒரே ஒரு வாசல். நெருப்புப் பிடித்தால் திறப்பைத் தேட நேரமில்லை. கள்ளனுக்குப் பயந்து போடுகிற பூட்டு எங்களையே உள்ளே வைத்துப் பூட்டிவிடக்கூடாது.

கதவே ஆளை உள்ளே வைத்திருக்கச் செய்த ட்ரெய்லரும் ஒன்று இருந்தது. 1969 ஜூலை 24 அன்று நிலாவில் இருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ரோங், ஒல்ட்ரின், கொலின்ஸ் மூவரையும் ஹோர்னெட் கப்பலில் ஏற்றியபோது, அவர்களை நேரே கொண்டுபோய் விட்டது சில்லு கழட்டி மாற்றியமைத்த ஒரு எயர்ஸ்ட்ரீமுக்குள்தான். நிலாக் கிருமி ஏதும் வெளியே வந்துவிடும் எண்ட பயம். உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். எங்காவது ஒழுகினாலும் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. ஜனாதிபதி நிக்சன் வெளியே நின்று யன்னலால் கதைத்தார். மழைத்தண்ணியையே தடுக்க முடியாத ட்ரெய்லர் கதவின் பரம்பரையில், ஒரு கதவு மட்டும் காற்றையே தடுத்தது.

இதுவரைக்கும் சொன்னது சுற்றுலாவும் சாகசமும். ஆனால் ட்ரெய்லரில் எல்லாரும் உல்லாசத்துக்காக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு ட்ரெய்லர்கள்தான் வீடு. வீட்டுக்குக் காசில்லாதவர்கள் போருக்குப் பிறகும் அதிலேயே தங்கிவிட்டார்கள். 1954இல் எல்மர் ஃபிரே எண்ட உற்பத்தியாளர் எட்டு அடி அகலத்தைப் பத்தாக்கி, "மொபைல் ஹோம்" எண்ட பெயரைப் பரப்பினார். அதோடு இரண்டு இனம் பிரிந்தது: ஓடுகிற ட்ரெய்லர் ஒன்று, ஒரு இடத்தில் நிற்கிற வீடு மற்றது. ஆனால் ஓடுகிறதிலேயே நிரந்தரமாக வாழ்கிறவர்கள்? அவர்களின் கதவு கார்க் கதவா, வீட்டுக் கதவா?

கேள்வி விளையாட்டில்லை. அமெரிக்கச் சட்டப்படி வீட்டைச் சோதனையிட பொலிசுக்குப் பொதுவாக நீதிபதியின் ஆணை வேண்டும். காருக்கு, தகுந்த காரணம் இருந்தால் ஆணை தேவையில்லை. 1985இல் "கலிஃபோர்னியா எதிர் கார்னி" வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று எண்ட கணக்கில் முடிவு சொன்னது. பொதுத் தரிப்பிடத்தில் நிற்கிற, ஓடக்கூடிய மோட்டர் வீடு ஒரு வாகனம்தான் எண்டு. கட்டைக்கு மேலே ஏற்றி, தண்ணி, கரண்ட் இணைப்புக் கொடுத்து வைத்திருந்தால் என்ன எண்ட கேள்வியை மட்டும் முடிவு செய்யாமல் விட்டது. அது இயந்திரம் பூட்டின வண்டி, இழுத்துப்போகிற ட்ரெய்லர் இல்லை. ஆனால் எழுந்த கேள்வி ஒன்றுதான். உள்ளே கட்டில், குசினி, யன்னல் சீலை எல்லாம் இருக்கலாம். ஆனால் சில்லு சுழலக்கூடியதென்றால் உன் கதவு பாதிக் கதவுதான்.

இருபது வருஷம் கழித்து இன்னும் மோசமான ஒன்று நடந்தது. 2005 ஓகஸ்டில் கத்ரினா சூறாவளி நியூ ஓர்லியன்ஸையும் வளைகுடாக் கரையையும் அழித்தது. ஃபீமா எனப்படும் மத்திய அனர்த்த நிறுவனம் வீடிழந்தவர்களுக்கு ட்ரெய்லர்கள் கொடுத்தது. அடுத்த வருஷம் ஒரு உண்மை வெளியே வந்தது: ஒருவருக்குக் கொடுத்த திறப்பு மற்றவரின் கதவையும் திறக்கிறது! ஒரு உற்பத்தியாளரிடம் இருந்தது வெறும் ஐம்பது வகைத் திறப்புத்தான். 1,18,000 வரையான ட்ரெய்லர்களின் பூட்டுகளை மாற்ற வேண்டி வரலாம் எண்டு ஃபீமா அறிவித்தது. ஆயிரக்கணக்கான ஆக்கள், எல்லாம் இழந்து மிச்சமிருந்ததை வைத்துப் பூட்டினதாக நினைத்து ஒரு வருஷம் படுத்திருந்தார்கள்.

அதோடு முடியவில்லை. அந்த ட்ரெய்லர்களின் மலிவான ஒட்டுப்பலகையில் இருந்து ஃபோர்மல்டிஹைட் வாயு கசிந்து, கண்ணெரிவும் மூச்சுத்திணறலும் வந்தது. அதிகாரிகள் சொன்ன ஆலோசனை: கதவு யன்னலைத் திறந்து காற்றோட்டமாக வைத்திருங்கள். யோசிச்சுப் பாருங்கள். கள்ளனுக்குப் பயந்தால் மூட வேண்டும். மூச்சுவிட வேண்டுமெண்டால் திறக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு!

ஐம்பது வகைத் திறப்பு எண்டது தற்செயலான பிழை இல்லை. ட்ரெய்லர்த் தொழிலில் ஒரே திறப்பு பல வண்டிகளுக்குப் பொருந்துவது பழைய பழக்கம். இன்றைக்கும் "சிஎச் 751" எண்ட இலக்கம் பொறித்த திறப்பு எத்தனையோ வண்டிகளின் சாமான் அறைகளைத் திறக்கும். விடுமுறைக்கு இரண்டு கிழமை போகிறவருக்கு அது பிரச்சினையில்லை. அதே பொருளை "இனி இதுதான் உன் வீடு" எண்டு ஒருவரிடம் கொடுக்கும்போதுதான் பிரச்சினை. பொருள் மாறவில்லை, அதுக்குள்ளே வாழ்கிற ஆளின் நிலைமை மாறிவிட்டது. "தற்காலிகம்" எண்டு சொல்லித் தந்த கொட்டில்களில் வருஷக்கணக்காக இருந்த ஆக்களை எங்களுக்கும் தெரியும். அதனால் இதை யாரும் எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்போது அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தெரிவதில்லை. உக்கின சட்டத்தை அச்சாக வைத்துப் புதுச் சட்டம் வெட்டுகிற அந்த மனிதர், கடைசியில் பூட்டைப் பொருத்தி, தன்னுடைய திறப்பு மட்டும் திறக்கிற மாதிரிச் செய்து, வெளியே நின்று ஒருக்கா பூட்டி, ஒருக்கா திறந்து பார்க்கிறார். நாக்கு "டக்" எண்டு போய் உட்காருகிறது. அந்தச் சத்தம் கேட்காமலே பல பேர் வருஷக்கணக்காகப் படுத்திருக்கிறார்கள்.