அடுப்படியில் பிறந்த மண்புழு

தூண்டில்காரர் மண்புழுவைக் கோத்து மீன் பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரப்பரில் புழு செய்தால் என்ன? 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்தார்கள். அது விறைத்து நின்றது, மீன் ஏமாறவில்லை.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரான், டயர் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். 1926-இல் அங்கே குட்ரிச் கம்பெனியின் இரசாயன அறிஞர் வால்டோ செமன், விறைப்பான பாலிவினைல் குளோரைடைக் கொதிநிலை மிகுந்த ஒரு திரவத்தில் சூடாக்கினார். அவர் தேடியது உலோகத்தில் ரப்பரை ஒட்டும் பசையை. கிடைத்ததோ ரப்பர்போல் வளையும் பிளாஸ்டிக்! நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையே எண்ணெய் மூலக்கூறுகள் புகுந்து அவற்றை வழுக்கவிடுகின்றன. மென்மையின் இரகசியம் அதுதான்.

அதே ஊரில் 1949-இல் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளியும் மனைவி காஸ்மாவும் வினைல், எண்ணெய், சாயம் சேர்த்துச் சமையலறை அடுப்பில் காய்ச்சினார்கள். நிஜ மண்புழுவைப் பதித்தெடுத்த அச்சில் அதை ஊற்றினார்கள். புழு நெளிந்தது! 1951-இல் தபால் மூலம் விற்பனையும் தொடங்கியது.

இன்று பொழுதுபோக்காக வார்ப்பவர்கள், மரத்தில் மாதிரியைச் செதுக்கிப் பாரிஸ் சாந்தில் அச்செடுக்கிறார்கள். கத்தி வழுக்கிய கீறலும் அப்படியே பதியும். பால்போன்ற கலவை சுமார் 175 டிகிரி செல்சியஸில் தெளிந்து கூழாகும். அச்சில் ஈரமிருந்தால் நீராவி கிளம்பிக் கூழ் முகத்தில் தெறிக்கும். சூடு மீறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும். (சமையலறை ஏற்ற இடமல்ல!)

மண்புழு அழுகிவிடும், இது அழுகாது. அறுந்து ஏரியடியில் கிடக்கும் பிளாஸ்டிக் புழுவை இரையென்று விழுங்கும் மீன்களின் வயிற்றில், அது செரிக்காமல் ஊதிக் கிடப்பதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்.